மீன்பெட்டி ஏற்றினால் மட்டும் வந்த சத்தம்: ஒரு பழைய ஹொண்டா சி90இன் செயினும் பின் சில்லும்

கச்சான் காற்று அடங்கி, வாடை தொடங்குவதற்கு முன் வரும் அந்தச் சில கிழமைகளில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கொட்டிலுக்கு வண்டிகள் கூடுதலாக வரும். மழைக்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட வேண்டும் என்று ஆட்களுக்குத் தோன்றுகிற நேரம் அது. அப்படி வந்த ஒரு வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் தடவை நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவைதான் விஷயம் பிடிபட்டது. அந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததை எழுதிவைப்பது, இதே வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வண்டி ஹொண்டா சி90. காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரக்கூடிய அந்தச் சின்ன வண்டிதான். அது சேர்ந்த சூப்பர் கப் வண்டிக் குடும்பத்தின் முதல் வண்டி 1958இல் ஜப்பானில் வந்தது. 2017இல் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. வண்டிக்காரர் மீன் வியாபாரி, ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன். விடியற்காலையில் இறக்கக்கண்டிக் கரையில் மீன் எடுத்து, நிலாவெளி, சாம்பல்தீவு வழியாக வந்து, கன்னியா, பாலையூற்றுப் பக்கம் தெருத் தெருவாக விற்பார். பின் கரியரில் ஐஸ் போட்ட பெட்டி. மீன் கூடிய நாளில் பெட்டி மட்டும் 40 கிலோவுக்குக் குறையாது.

அவர் சொன்ன முறைப்பாடு இதுதான். "தம்பி, பின்பக்கம் கட கட எண்டு சத்தம். ஒரு கராஜில ரெண்டு தரம் செயின் இறுக்கியாச்சு. சத்தம் போகேல்லை, கூடித்தான் போச்சு. மீன் ஏத்தினாத்தான் வருது, வெறும் வண்டியில பெரிசா இல்லை."

கடைசி வசனத்தை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. பாரம் ஏற்றினால் எந்தப் பழைய வண்டியும் சத்தம் போடும்தானே என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் பார்த்தது

நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்னால் குந்தியிருந்து பார்த்தவுடனேயே ஒரு பிழை தெரிந்தது. பின் சில்லைத் தாங்கி மேலும் கீழும் அசையும் சுவிங் ஆமின் இரண்டு பக்கமும் அச்சு நகர்கிற நீள் துளைக்கு மேலே சிறு கோடுகள் வெட்டியிருக்கும். இரு பக்கமும் ஒரே கோட்டில் நின்றால் சில்லு நேர் என்பது கணக்கு. இங்கே வலப்பக்கம் ஏறக்குறைய ஒரு கோடு பின்னால் போயிருந்தது, இடப்பக்கம் முன்னாலேயே நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. இந்த வகை வண்டியில் அச்சு நட்டைத் தவிர, செயின் பக்கத்தில் இன்னொரு பெரிய நட் இருக்கிறது. பின் பற்சில்லைத் தாங்கும் பகுதியைச் சுவிங் ஆமோடு சேர்த்து இறுக்கி வைத்திருப்பது அதுதான். பஞ்சர் ஒட்டச் சில்லைக் கழற்றும்போது, செயினும் பற்சில்லும் அசையாமல் அங்கேயே நிற்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, ஆனால் செயின் இறுக்க வருகிறவர் அதை மறந்துவிட்டால் வில்லங்கம். அச்சு நட்டை மட்டும் தளர்த்தி, அச்சைப் பின்னுக்கு இழுக்கும் அஜஸ்டரைத் திருகினால் வலப்பக்கம் பின்னுக்கு இழுபடும், இடப்பக்கம் பெரிய நட்டின் பிடியில் அப்படியே நிற்கும். சில்லு கோணலாகும். இந்த வண்டிக்கு நடந்தது அதுதான். அந்தப் பெரிய நட்டின் மேல் பழைய அழுக்கு உடையாமல் படிந்திருந்தது. நீண்ட காலமாக அதில் ஸ்பனர் பட்டிருக்கவில்லை.

நான் இரண்டு நட்டையும் தளர்த்தினேன். இரு பக்கக் கோட்டையும் சமப்படுத்தினேன். செயின் கவரின் கீழ்ப்பகுதியில் உள்ள இறப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் தள்ளி, 15 மில்லிமீற்றர் அளவுக்கு ஆட்டம் விட்டு இறுக்கினேன். வெறும் வண்டியை ஓடிப் பார்த்தேன். சத்தம் இல்லை. அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் அண்ணன் திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது. சத்தம் அப்படியே. கூடவே என்ஜின் பக்கம் முன் பற்சில்லு இருக்கிற இடத்துக்குக் கீழே ஒயில் கசிந்து, அதில் மண் அப்பியிருந்தது. அந்தக் கசிவைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. செயின் தளர்ந்து சத்தம் போட்டால், ஒயில் வெளியே வராமல் தடுக்கும் முன்பக்க ஒயில் சீலுக்கு ஒன்றும் ஆகாது. செயின் விறைத்து, முன் பற்சில்லு பூட்டியிருக்கும் தண்டைப் பின்னுக்கு இழுத்தால்தான் பெயாரிங்கும் சீலும் அடிபடும். அதாவது நாங்கள் எல்லோரும், அந்தக் கராஜ்காரரும் நானும், தளர்ச்சி என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தது உண்மையில் இறுக்கம்.

பாரத்தோடு பார்த்தது

வீட்டில் குடிதண்ணீர்க் கான்கள் இருந்தன, ஒன்று 20 லீற்றர். இரண்டைக் கரியரில் வைத்துக் கட்டினேன், 40 கிலோ. அண்ணனைச் சீற்றில் உட்காரச் சொன்னேன். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இறப்பர் மூடித் துளை வழியாக விரலை விட்டுச் செயினைத் தள்ளினேன். அசையவில்லை. வீணைத் தந்தி மாதிரி நின்றது. ஸ்டாண்டில் 15 மில்லிமீற்றர் ஆடிய அதே செயின்.

ஏன் இப்படி? முன் பற்சில்லு என்ஜினில் இருக்கிறது. சுவிங் ஆம் மடங்கும் மூட்டு அதற்குப் பின்னால் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே புள்ளி அல்ல. சில்லு மேலும் கீழும் போகும்போது அது மூட்டைச் சுற்றி ஒரு வளைவில் நகர்கிறது. அந்த வளைவில், முன் பற்சில்லின் நடு, மூட்டின் நடு, பின் அச்சின் நடு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருகிற இடம் ஒன்று உண்டு. முன் பற்சில்லுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் ஆகக் கூடுவது அங்கேதான், செயின் ஆக இறுகுவதும் அங்கேதான். நடு ஸ்டாண்டில் சில்லு கீழே தொங்கும்போது அந்த இடத்திலிருந்து தள்ளி நிற்கிறது, அதனால் செயின் தளர்வாகத் தெரிகிறது. ஆளும் பாரமும் ஏறியதும் சில்லு அந்த இடத்தை நோக்கி எழும்புகிறது.

ஒரு ஆள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஸ்டாண்டில் அளந்தால் போதும். கையேட்டில் உள்ள அளவே அதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் கொடுத்திருப்பார்கள். சின்ன வண்டிகளுக்கு அது பெரும்பாலும் 20இலிருந்து 30 மில்லிமீற்றருக்குள் வரும். நான் விட்டது 15. தேய்ந்த பழைய செயினுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அந்த எண்ணம் பிழை. ஒவ்வொரு நாளும் 40 கிலோ மீனோடு, சாம்பல்தீவுப் பக்கத்துக் குன்றும் குழியுமான குறுக்குப் பாதைகளில் போகிற வண்டியின் செயினை, அது வாழ்கிற நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஆனால் அது மட்டும் காரணம் என்றால் சத்தம் ஒரே சீராக வந்திருக்க வேண்டும். இங்கே கட, கட, கொஞ்சம் இடைவெளி, பிறகு மீண்டும் கட, கட. மீண்டும் ஸ்டாண்டில் ஏற்றி, சில்லைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கால் சுற்றுக்கும் செயினின் ஆட்டத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் 22, இன்னோரிடத்தில் 8. முதல் நாள் நான் ஒரே இடத்தில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தியிருந்தேன்.

இறுகும் இடம் செயினில் இருக்கிறதா, பற்சில்லில் இருக்கிறதா என்று பிரித்தறியச் சோக்குக் கட்டி போதும். ரயரில் ஒரு கோடு, துளைக்கு நேரே வரும் செயின் கண்ணியில் ஒரு கோடு. சில்லின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால், பின் பற்சில்லு மையம் விலகியிருக்கிறது. செயின் கோடு திரும்பி வரும்போது மட்டும் இறுகினால், பிழை செயினில். செயின் ஒரு முழுச் சுற்று வர, சில்லு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று சுற்ற வேண்டும். உதாரணமாக 38 பல்லும் 106 கண்ணியும் என்றால் 3 சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அதனால் இரண்டும் குழம்பாது. இங்கே செயின் கோட்டோடுதான் இறுக்கம் வந்தது.

கவருக்குள் இருந்தது

இந்த வண்டியின் செயின் முழுதாக மூடப்பட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு தகட்டுக் கவர். இரண்டையும் கழற்றியதும் கொட்டிலே மணத்தது. மீன் நாற்றமும் பழைய கிறீஸும். கீழ்க் கவரின் அடியில் கடற்கரை மணல், கறுத்த எண்ணெய், கபில நிறத் துருப்பொடி மூன்றும் குழைந்து சேறாகக் கிடந்தன. விரலில் எடுத்துத் தேய்த்தால் அரத்தூள் மாதிரி அராவியது. செயின் ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் தோய்ந்துதான் போயிருக்கிறது.

மேல் கவரில் இரு தகடும் சேருமிடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, உப்புக் காய்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நேர் மேலே மீன்பெட்டியின் இடப்பக்க மூலை. ஐஸ் உருகிய தண்ணீர் வடிவதற்காகப் போட்ட துளை அங்கேதான் இருந்தது. மீன் கழுவிய கடல்நீரும் ஐஸ் தண்ணீரும் கலந்து, ஓடும் நேரம் முழுவதும் சொட்டுச் சொட்டாக அந்த இணைப்பில் விழுந்து, உள்ளே போய், செயினில் இறங்கியிருக்கிறது. வண்டி நிற்கும்போது அது எந்தக் கண்ணிகளில் விழுந்ததோ அவை கூடுதலாகத் துருப்பிடித்தன. அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இறக்குவதற்கு முன் எப்போதும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணீர் குடித்து ஓய்வெடுப்பார். அந்த ஒரு மணித்தியாலம் செயினின் ஒரே பகுதி நனைந்துகொண்டிருக்கும்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவிய பிறகு மேசையில் வைத்துக் கையால் மடித்துப் பார்த்தேன். ஏழு எட்டுக் கண்ணிகள் வளைந்த நிலையிலேயே விறைத்து நின்றன. அவைதான் பற்சில்லின் மேல் ஏறும்போது படியாமல் கட கட என்றவை. பாரம் ஏறிச் செயின் விறைக்கும்போது அவற்றுக்கு ஒதுங்க இடமே இருந்திருக்காது.

பிறகு தேய்மானம். இந்தச் செயினில் ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். செயினை இழுத்துப் பிடித்து 21 ஊசிகளுக்கு, அதாவது 20 இடைவெளிகளுக்கு, அடிமட்டத்தால் அளந்தால் புதுச் செயின் 254 காட்ட வேண்டும். 259ஐத் தாண்டினால் கழித்துவிட வேண்டும் என்பது நான் பின்பற்றும் கணக்கு, கிட்டத்தட்ட நூற்றுக்கு 2 பங்கு நீட்சி. இது 261. செயின் நீள்கிறது என்று சொன்னாலும் தகடு நீள்வதில்லை. ஊசியும் அதைச் சுற்றியுள்ள சிறு குழாயும் ஒன்றையொன்று தின்று, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மயிரிழை இடைவெளி உண்டாகிறது. நூறு மூட்டில் அது சென்ரிமீற்றராகிவிடும். பின் பற்சில்லின் பற்களும் சுறாப்பல்லுப் போல ஒருபக்கம் சாய்ந்திருந்தன.

நூல் சொன்னது

புதுச் செயின் செட் வாங்கி வந்தோம், செயினும் இரண்டு பற்சில்லும். செலவைப் பார்த்துச் செயினை மட்டும் மாற்றலாமா என்று அண்ணன் கேட்டார். சாய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சில மாதத்தில் பழைய செயினாகிவிடும் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். சில்லின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் இறப்பர்களும் கல்லாகிப் போயிருந்தன, அவையும் மாறின. பற்சில்லைத் தாங்கும் பெயாரிங் விரலில் சுற்றும்போது கரகரத்தது, அதையும் மாற்றினேன். சுவிங் ஆமைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். அது நல்லது.

எல்லாவற்றையும் பூட்டி, கோடுகளைச் சமப்படுத்திய பிறகு, இம்முறை கோட்டை நம்பாமல் நூல் பிடித்தேன். பின் ரயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி, இரு முனையையும் அச்சின் உயரத்துக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட முன்னுக்குக் கொண்டுபோய், பின் ரயரின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் நூல் தொடும்வரை ஒடுக்க வேண்டும். அப்புறம் முன் சில்லை நேராகப் பிடித்து, இரு பக்கமும் நூலுக்கும் ரயருக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் முன் ரயர் 2.50, பின் ரயர் 2.75. கால் அங்குல வித்தியாசம், ஆகவே முன்னால் இரு பக்கமும் சுமார் 3 மில்லிமீற்றர் வெளி இருக்க வேண்டும்.

வலப்பக்கம் 10 இருந்தது. இடப்பக்கம் ரயர் நூலை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

கோடுகள் சமம், சில்லு கோணல். இடப்பக்க அஜஸ்டர் தகட்டைக் கழற்றி வலப்பக்கத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோது தெரிந்தது, இரண்டும் ஒரு சோடி அல்ல. எப்போதோ ஒன்று உடைந்து, வேறொரு வண்டியின் தகட்டைப் போட்டிருக்கிறார்கள். அதிலுள்ள வெட்டுக் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் தள்ளியிருந்தது. ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். அச்சின் இரு முனைக்கும் இடையே 18 சென்ரிமீற்றர் அளவுதான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 120 சென்ரிமீற்றர் அளவு. அங்கே 1 மில்லிமீற்றர், இங்கே 6, 7 மில்லிமீற்றராகப் பெருகிவிடும். கோட்டைவிட நூலை நான் நம்புவதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்கு எட்டாத பிழையை அது கைக்கு எட்டும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அண்ணன் வண்டியை எப்போதும் கைபிடியில் மெல்லிய இழுவையோடுதான் ஓடியிருக்கிறார். "பழகிப் போச்சு தம்பி, வண்டிக்கு அப்பிடி ஒரு குணம் எண்டு நினைச்சன்" என்றார்.

இடப்பக்கத்தை 1 மில்லிமீற்றர் பின்னுக்கு எடுத்ததும் நூல் இரு பக்கமும் 3இல் நின்றது. பின்னால் படுத்து, கவர் இல்லாத செயினை நீளவாட்டில் பார்த்தேன். முன் பற்சில்லுவரை நேராகப் போனது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல், நூல் நேராகவும் செயின் கோணலாகவும் தெரிந்தால், சுவிங் ஆமோ சட்டகமோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அஜஸ்டரால் சமாளிக்கக் கூடாது.

ஆட்டம் வைத்த முறை இது. செயினின் ஆக இறுகிய இடத்தைத் தேடி அந்த இடத்திலேயே அளந்தேன். ஸ்டாண்டில் 25 விட்டேன். தண்ணீர்க் கான் இரண்டும் அண்ணனும் ஏறிய பிறகு 10 மீதி இருந்தது. திருப்தி. முதலில் பற்சில்லுப் பக்கத்துப் பெரிய நட், பிறகு அச்சு நட். இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளந்தேன், ஏனென்றால் நட் இறுகும்போது அச்சு கொஞ்சம் நழுவுவது வழக்கம். நட் கழலாமல் தடுக்கும் பழைய கொட்டர் பின்னைத் திரும்பப் போடவில்லை, புதியது பத்து ரூபாய்ச் சமாச்சாரம்தான்.

செயினின் இரு முனையையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பை எல்லோரும் கவனிக்க வேண்டும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். மேற்பக்கத்தில் அது வண்டியின் முன்னோக்கி நிற்கும். பிழையாகப் போட்டால் ஏதாவதில் உரசிக் கிளிப் கழன்று, செயின் அறுந்து, பின் சில்லு பூட்டிக்கொள்ளும். நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் அப்படி நடக்கக் கூடாது.

பிரேக்கையும் மறக்கக் கூடாது. சில்லைப் பின்னுக்குத் தள்ளினால் பின் பிரேக் கம்பி தானாகவே இழுபட்டு, பிரேக் உரசத் தொடங்கும். மிதியில் 20இலிருந்து 30 மில்லிமீற்றர் வெற்று ஆட்டம் இருக்கும்படி கம்பியின் நட்டைத் திருப்பி, சில்லு தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்து, பிரேக் லைற்றும் சரியான நேரத்தில் எரிகிறதா என்று பார்த்தேன்.

கவரைத் திரும்பப் போடுவதா என்பதில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் வந்தது. அடைத்து வைப்பதால்தானே சேறு சேர்ந்தது, கழற்றி எறிந்துவிடலாம் என்றார் அண்ணன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கரையோர மண்ணில் ஓடும் வண்டிக்கு அந்தக் கவர் இல்லையென்றால் முன் சில்லு வாரியடிக்கிற மணல் நேரே செயினில்தான் விழும். பிழை கவரில் இல்லை, மேலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரில். ஆகவே கவரைக் கழுவி, துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்துத் திரும்பப் பூட்டினேன். பெட்டியின் பழைய துளையை அடைத்து, வலப்பக்கப் பின் மூலையில் புதுத் துளை போட்டு, ரயருக்கு வெளியே தள்ளித் தண்ணீர் விழும்படி ஒரு முழ நீளக் குழாய் மாட்டினோம். முழு வேலையிலும் ஆகக் குறைந்த செலவு அதுதான். ஆக அவசியமான வேலையும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

செயினுக்குக் கியர் ஒயில் 90. இது உள்ளே இறப்பர் வளையம் இல்லாத சாதாரணச் செயின், ஆகவே மண்ணெண்ணெயில் கழுவுவதால் பழுதில்லை. கிறீஸ் அப்பக் கூடாது. அது வெளியே நின்று மணலைப் பிடிக்கும், ஊசிக்குள் இறங்காது.

புதுச் செயின் முதலில் கொஞ்சம் படியும். 300 கிலோமீற்றர் அளவில் வரச் சொன்னேன், வந்தார். ஆட்டம் 25இலிருந்து 29 ஆகியிருந்தது. இரு பக்கமும் ஒரே அளவு திருகி, நூல் பிடித்துப் பார்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு வாடை மழை முழுவதும் வண்டி ஓடியது. கடல் கொந்தளித்து மீன் குறைந்த நாட்களில் அவர் ஓட்டம் குறைத்துக்கொண்டார். தை பிறந்ததும் மறுபடி பார்த்தபோது 20 இடைவெளிகளின் நீளம் 254ஐ விட்டு அசையவில்லை. முன்பக்க ஒயில் கசிவு மட்டும் நின்றபாடில்லை. விறைத்த செயின் அந்தச் சீலைக் கெடுத்துவிட்டது. அடுத்த வாரம் அதை மாற்றப்போகிறோம்.